வெற்றிச்செல்வன் போட்ட கடல்சட்டம்

ஒரு விசில் ஊதினால் முந்நூறு பிள்ளைகள் ஆடாமல் அசையாமல் நிற்பார்கள். வீட்டில் தொண்டை கிழியக் கத்தினாலும் குக்கர்கூட மதிக்காது. பி.டி. மாஸ்டர் வெற்றிச்செல்வனின் நிலைமை அதுதான். யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். தரை மனைவி மேனகாவுக்கு, கடல் தனக்கு.

பிரான்சுக்குத் திரும்பிய ஒரு பெரியவர் விட்டுப்போன பந்தயப் பாய்மரப் படகு அவரிடம் இருந்தது. இரண்டே ஆள் ஓட்டுவது. காற்று பிடித்தால் பஸ்ஸைத் துரத்தும். ஒருவர் ஒரு கையில் படகைத் திருப்பும் சுக்கான் கழியும் மறு கையில் பெரிய பாயின் கயிறுமாக உட்கார வேண்டும். இன்னொருவர் முன்பாயைப் பிடித்துக்கொண்டு, படகு கவிழாமல் வெளியே தொங்க வேண்டும். தொங்குவது மேனகா.

மேனகா வைத்திக்குப்பத்துப் பெண். அவள் அப்பா, மீனவர் அம்மாவாசை, காற்று எந்தப் பக்கம் என்று மூக்காலேயே சொல்லிவிடுவார். அந்த மூக்கு மகளுக்கும் வந்திருந்தது. இதுவரை போன மூன்று படகுப் பந்தயத்திலும் அவள் ஒரு பக்கம் கை காட்டினாள். இவர் எதிர்ப்பக்கம் திருப்பினார். மூன்றிலும் கடைசி. போன தடவை பரிசளிப்புப் பந்தலைப் பிரித்த பிறகுதான் கரை சேர்ந்தார்கள்.

நாலாவது பந்தயத்துக்கு முந்தின நாள் ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினார்.

‘சுக்கான் கழி யார் கையிலோ, அவர் சொல்வதே சட்டம். மறுபேச்சு கிடையாது.’

“கழி கையில இருந்தா போதுமா? வேற கண்டிஷன் ஒண்ணும் இல்லியே?” என்றாள் மேனகா.

“போதும்.”

“அப்பறம் மாத்த மாட்டீங்களே?”

“கேப்டன் பேச்சுடி!”

“அப்ப நீங்களும் கையெழுத்து போடுங்க.”

போட்டார். அதோடு விட்டாளா? அவர் புதிதாக வாங்கிய, நாடா வைத்த வெள்ளைக் கால்சட்டைக்கு இஸ்திரி போட்டாள். காலையில் இடுப்பில் அவளே கட்டியும் விட்டாள். “நீங்க கை வெக்காதீங்க கேப்டன், அழுக்காவும்.” சட்டம் போட்ட மறுநாளே என்ன மரியாதை! படகை யாரும் ஓட்டிப் போகாமல் தினமும் வீட்டுக்குக் கழற்றி எடுத்து வந்துவிடும் கழியை, செங்கோல்போலத் தோளில் சாய்த்துக் கிளம்பினார்.

தேங்காய்த்திட்டு முகத்துவாரத்திலிருந்து ஒன்பது படகுகள் புறப்பட்டன.

“இன்னாங்க, வெளிக்கடல்ல தண்ணி கருக்குது பாருங்க. காத்து அங்கதான் இருக்கு.”

“கழி யார் கையில?”

“உங்க கையிலதான்.”

“அப்ப கரைப் பக்கம்!” வாயிலிருந்த விசிலையும் ஒரு ஊது ஊதினார்.

மற்ற எட்டுப் படகும் வெளிக்கடலுக்குப் பறந்தன. இவர் படகு மட்டும் கடற்கரைச் சாலையை ஒட்டி, சுண்டல் விற்பவரின் வேகத்தில் போனது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். அதில் ஏழாம் வகுப்பு ‘பி’ பிரிவு முழுசாக நின்றது.

பட்டென்று இடுப்பில் ஏதோ நூல் அறுந்தது.

“மேனகா!”

“சொல்லுங்க கேப்டன்.”

“பேண்ட்டு எறங்குது!”

“எந்தத் திசையில கேப்டன்?”

“கீழ! வந்து புடி!”

“எனக்கு ரெண்டு கையும் வேலையா இருக்குதே. வுட்டா கவுந்துடுமே.”

“டேய், நம்ம பி.டி. சாருடா!” என்றது கரை.

கயிற்றை விட்டால் படகு நிற்கும், இந்தக் கூட்டத்துக்கு முன்னாலேயே நிற்கும். கழியை விட்டால் பதவி போகும். இரண்டையும் விடாவிட்டால் மானம் முழங்காலுக்கு வந்துவிடும், வந்துகொண்டும் இருந்தது.

“இந்தா, கழியப் புடி!”

இல்லாத கை எங்கிருந்து முளைத்ததோ, மறுநொடி கழி மேனகாவிடம் இருந்தது. கயிறும்தான்.

“இப்ப கழி யார் கையில?”

அவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு தலையாட்டினார். மறுபேச்சுதான் கிடையாதே.

“விசிலத் துப்புங்க. வெளிய போயி தொங்குங்க.”

தொங்கினார். ஒரு கையில் முன்பாய், மறு கையில் கால்சட்டை. மேனகா மூக்கைத் தூக்கினாள். தண்ணீர் கருத்த பக்கம் திருப்பினாள். படகு எழும்பிப் பறந்தது. ஒவ்வொன்றாக எட்டுப் படகையும் தாண்டி முதலில் வந்தது. பரிசுக் கோப்பையை அவர் ஒற்றைக் கையால்தான் வாங்கினார். அடக்கம் என்று எல்லோரும் மெச்சினார்கள்.

வீட்டுக்கு வந்து லுங்கிக்கு மாறியதும் தைரியமும் வந்தது. கழி அடுத்த முறை நம் கையில்தானே! பத்திரப்படுத்தலாம் என்று தேடினார். அது சமையலறையில், மேனகா கையில் இருந்தது.

“அத ஏன் இங்க கொண்டாந்த? அது கடலுக்குப் போட்ட சட்டம்!”

“தாள்ல கடல்னு எங்க எழுதியிருக்கு?” கழியால் ஃபிரிட்ஜைக் காட்டினாள். பிறகு வெங்காயக் கூடையைக் காட்டினாள்.

உட்கார்ந்து உரிக்க ஆரம்பித்தவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். கை வழுக்காமல் இருக்க, கழியில் வெள்ளை நாடா ஒன்றை அவள் இறுக்கமாகச் சுற்றியிருந்தாள். அவருடைய கால்சட்டை நாடா.