கன்னியப்ப மேஸ்திரிக்குக் கண் திறந்த கதை

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியவள், கடிதம் எழுத உட்கார்ந்தால் "நலம், நலமறிய ஆவல்" என்பதோடு விஷயம் தீர்ந்துபோகிற ஆள், கட்டுரை எழுத வந்திருப்பது அதிகப்பிரசங்கித்தனம்தான். ஆனால் வேறு வழியில்லை. எங்கள் வீட்டில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். போன பொங்கலுக்கு என் நாத்தனார் சொன்னபோது கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒரு கை வெளியே வந்துவிட்டது. கையெல்லாம் வரவில்லை. வந்தது சத்தம் மட்டும்தான். அதை நானே சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

சுனாமி வந்துபோன மறு வருஷம், ஐப்பசி மழை. மரக்காணத்தில் ரோட்டோரம் ஒரு போட்டோ ஸ்டுடியோவில் நான் வேலை பார்த்தேன். முதலாளி சம்சுதீன் பாய், கூனிமேட்டுக்காரர். துபாயில் பல வருஷம் இருந்துவிட்டு வந்தவர். வரும்போது ஒரு டிஜிட்டல் கேமராவும் ஒரு கம்ப்யூட்டரும் வாங்கி வந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் பார்க்கவே ஊர் வந்தது. பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வருகிறவர்கள்கூட முகத்தைக் கேமரா பக்கம் வைத்துக்கொண்டு கண்ணைக் கம்ப்யூட்டர் பக்கம் வைத்திருப்பார்கள். (இத்தனை கண் பட்டால் என்னாவது என்று நான் யாருக்கும் சொல்லாமல் ஓர் ஏற்பாடு செய்திருந்தேன். அது பின்னால் வரும்.)

என் வேலை, படங்களைத் திருத்துவது. மாப்பிள்ளையின் பருவை அழிப்பேன், பெண்ணுக்குக் கொஞ்சம் கலர் கூட்டுவேன், வராத சித்தப்பாவைக் குடும்பப் படத்தில் நிற்க வைப்பேன். எனக்குப் பொருத்தமான வேலை. மனுஷர்களின் முகத்தை நேராகப் பார்க்க எனக்கு வராது, படத்தில் என்றால் பார்த்துவிடுவேன். யாராவது பேசினால் நான் தரையைப் பார்ப்பேன். "தரையில என்னம்மா தேடுற? காசா?" என்பார் பாய். ஒருநாள் புதுக் கேமராவைச் சோதிக்கும்போது "தனம்!" என்று திடீரென்று கூப்பிட்டார். நான் நிமிர்ந்தேன், அவர் அமுக்கிவிட்டார். நான் நேராகப் பார்க்கிற படம் உலகத்திலேயே அது ஒன்றுதான். அது அந்தக் கம்ப்யூட்டரில் கிடந்தது.

இனி மேஸ்திரி.

கன்னியப்ப மேஸ்திரி உப்பளத்தில் ஆள் வைத்து வேலை வாங்கியவர். பேச்சு குறைவு, விசில்தான். நீளமாக ஒன்று, சற்று நிறுத்தி, நீளமாக இன்னொன்று என்று ஊதினால் "வேலைக்கு வா" என்று அர்த்தம். குட்டையாக ஒன்று ஊதினால் "வீட்டுக்குப் போ." பிளஸ் டூ முடித்த பிறகு இரண்டு கோடை நானும் அவரிடம் உப்பு சுமந்திருக்கிறேன். அந்த நீள விசில் கேட்டால் கையில் சோறு இருந்தாலும் எழுந்து நிற்க வேண்டும்.

அவர் அந்த மழையில் செத்துப்போனார். உயிரோடு இருந்தவரை போட்டோ எடுக்க விட்டதில்லை, ஆயுசு குறையும் என்பார். அவரிடமிருந்தது ஓட்டுப் போடுகிற அட்டை ஒன்றுதான். அதில் இருப்பது மேஸ்திரியா அவருக்குப் பின்னால் இருந்த சுவரா என்று சொல்ல முடியாது. அதனால் எங்கள் பக்கத்து வழக்கப்படி, அவரைக் குளிப்பாட்டி நாற்காலியில் உட்கார வைத்திருந்தபோது பாய் போய்ப் படம் எடுத்து வந்தார். நாற்காலியில் மாலையோடு, தாடையைச் சுற்றித் துணி கட்டி, கண் மூடி.

"கருமாதிக்கு மாட்டணுமாம். தாடைத் துணிய எடுத்துட்டு, வெள்ளச் சட்டை போட்டு, கண்ணத் தொறந்து வுட்டுடும்மா" என்று சொல்லிவிட்டுப் பாய் கிளியனூருக்குக் கல்யாணப் படம் எடுக்கப் போய்விட்டார். அவர் செத்துப் பதினைந்து நாள் ஆகியிருந்தது, மறுநாள் கருமாதி. மேஸ்திரியின் மகன் சாயங்காலம் வந்து சி.டி.யை வாங்கிப் புதுச்சேரி லேப்புக்கு பஸ் ஏறுவதாக ஏற்பாடு. அந்த ஒரு படம் இல்லையென்றால் அந்த வீட்டுச் சுவரில் அவருக்கு முகமே கிடையாது.

துணி போய்விட்டது, சட்டை வந்துவிட்டது. கண்தான் தகராறு. இல்லாத கண்ணைத் திறக்க முடியாது, யாருடையதையாவது வெட்டி ஒட்ட வேண்டும். பாயின் கண்ணைப் பார்த்தேன், கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. ஒரு மாப்பிள்ளையின் கண்ணை ஒட்டினேன், மேஸ்திரி முந்தின நாள் குடித்திருந்த மாதிரி ஆகிவிட்டார். அளவும் கோணமும் வெளிச்சமும் சரியாகப் பொருந்தியது ஒரே ஒரு படம். என்னுடையது.

மையைக் கொஞ்சம் அழித்தேன், இமையைக் கொஞ்சம் தளர்த்தினேன். சேமித்துவிட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஸ்கிரீன் முழுக்க மேஸ்திரியின் முகம். அதற்குள்ளிருந்து நான் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கண்ணைத் தாழ்த்தினேன். அவர் தாழ்த்தவில்லை.

அந்த நேரத்தில் கரண்ட் போனது.

மத்தியானம்தான். ஆனால் மேகம் இறங்கி, கடை உள்ளறை கறுத்திருந்தது. பின்ஜன்னலுக்கு வெளியே உப்பளம். மழைக்காலத்தில் அங்கே ஈ காக்கை இருக்காது. பாத்தியெல்லாம் தண்ணீர் நின்று ஒரே கறுப்புத் தகடாகக் கிடக்கும். வரப்பு மேட்டில் ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்கள் வரிசையாக, தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு யாரோ குந்தியிருப்பது போல இருக்கும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன். (தரையைப் பார்த்தேன். பழக்கம்தான்.)

கரண்ட் வந்தது. கம்ப்யூட்டர் பட்டனை அமுக்கினேன். ஃபேன் சுற்றியது. ஸ்கிரீன் கறுப்பாகவே இருந்தது.

அப்போதுதான் கேட்டது. நீளமாக ஒரு விசில். சற்று நிறுத்தி, நீளமாக இன்னொன்று.

நான் எழுந்து நின்றுவிட்டேன். என்னைக் கேட்டு நிற்கவில்லை, கால் தானாக நின்றது. ஜன்னலுக்கு ஓடிப் பார்த்தேன். தண்ணீர், ஓலை, மழை. ஆள் இல்லை. மறுபடியும் நீளமாக ஒன்று. சத்தம் உப்பளத்திலிருந்து வரவில்லை. என் முதுகுக்குப் பின்னால், மேஜைக்கு அடியிலிருந்து வந்தது.

ஸ்கிரீனில் இப்போது ஒரு முகம் தெரிந்தது. கத்திவிட்டேன். பிறகு பார்த்தால் கறுப்புக் கண்ணாடியில் என் முகம்தான். அது ஆறுதலாக இல்லை. சற்று முன்னால் வரை அதே கண் வேறொருவர் முகத்தில் இருந்தது.

அணைத்தேன். போட்டேன். வேலைக்கு வா. அணைத்தேன். போட்டேன். வேலைக்கு வா. ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்றேன்.

ரோட்டில் ஓட நினைத்தபோது வாசலில் ஒரு உருவம், தலையில் பாலிதீன் சாக்கோடு. உப்புக் குவியல் ஒன்று எழுந்து வந்துவிட்டது என்றே நினைத்தேன். மேஸ்திரியின் சம்சாரம், ஆதிலட்சுமி பெரியம்மா. படம் எப்படி வந்திருக்கிறது என்று பார்க்க மழையோடு வந்திருந்தார்.

"ஏண்டி தனம், மூஞ்சி ஏன் பேயறைஞ்சாப்புல இருக்குது?"

நான் பதில் சொல்வதற்குள் மேஜைக்கு அடியிலிருந்து விசில் வந்தது. பெரியம்மா அப்படியே நின்றார். அடுத்த விசிலுக்கு மெல்லக் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார்.

"அவுருதான்" என்றார். பயப்படவில்லை, கோபப்பட்டார். "ஏன்யா, போயும் உன் அதிகாரம் அடங்கலியா? வயசுப் பொண்ண எதுக்கு இப்புடி மெரட்டுற?"

ஒரு நீள விசில்.

"பாரு, எதுத்துப் பேசுறாரு!"

நான் அழுதுவிட்டேன். "பெரிம்மா, நான் கண்ணத் தொறந்தது அவருக்குப் புடிக்கல. படம் உள்ளாற மாட்டிக்கிச்சு. நாளைக்கி கருமாதிக்கி படமே இல்ல பெரிம்மா."

அதைக் கேட்டதும்தான் அவர் முகம் மாறியது. ஸ்டூலில் உட்கார்ந்தார். "படம் இல்லன்னா எப்புடி? இப்பவே அவுரு மூஞ்சி எனக்கு சரியா ஞாபகம் வர்ல. ஊதுன விசில்தான் ஞாபகத்துல இருக்குது." "உப்பு சுத்திப் போடு" என்றார்.

எங்கள் ஊரில் உப்புக்கா பஞ்சம். பக்கத்து டீக்கடையில் ஒரு கை கல் உப்பு வாங்கிவந்து கம்ப்யூட்டரை மூன்று சுற்றுச் சுற்றி மழையில் எறிந்தேன். போட்டேன். வேலைக்கு வா.

வேறு வழியில்லாமல் டீக்கடை காயின் பாக்ஸிலிருந்து பாயின் செல்லுக்குப் போன் போட்டேன். அங்கே மேளச் சத்தம்.

"பாய், மேஸ்திரி விசிலடிக்கிறாரு."

"எந்த மேஸ்திரிம்மா?"

"செத்துப்போனவரு. கம்ப்யூட்டர்ல இருக்காரு."

மேளச் சத்தம் தள்ளிப் போனது. பிறகு பாய், "யா அல்லாஹ்" என்றார். "ஏம்மா, மவுத்தானவங்க கம்ப்யூட்டருக்குள்ள எப்புடிம்மா போவாங்க? எடம் பத்தாது. நீளமா வுட்டு வுட்டு அடிக்குதா? அது ரேம் சரியா ஒக்காரலன்னு அர்த்தம். புதுச்சேரி மெக்கானிக் செஞ்சத நான் பாத்திருக்கேன். மொதல்ல பிளக்கப் புடுங்கு. சைடு தகட்ட கழட்டு. உள்ள சீப்பு மாதிரி ஒரு பச்சப் பட்டை, ரெண்டு பக்கமும் கிளிப்பு. கிளிப்பத் தள்ளுனா எழும்பும். அடியில மஞ்சப் பல்லு இருக்கும் பாரு, அத ரப்பர் வெச்சுத் தேச்சுட்டு, டக்குனு சத்தம் வர்ற வரைக்கும் அமுக்கி மாட்டு."

"எனக்கு பயமா இருக்குது பாய்."

"மேஸ்திரி சம்சாரத்தப் பக்கத்துல வெச்சுக்க. அவுங்களுக்கு அவுரு பயப்படுவாரு."

பிளக்கைப் பிடுங்கினேன். சைடு தகட்டில் ஸ்க்ரூ வாங்கிய நாளிலிருந்தே கிடையாது, இழுத்ததும் வந்தது. பெரியம்மா டார்ச் அடித்தார். இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம்.

உள்ளே அடித்தகட்டில் நசநசவென்று ஒரு சிவப்புத் துணி மூட்டை. அதைச் சுற்றித் தண்ணீர் தேங்கியிருந்தது. திருகாணி, கம்பி, தகட்டு ஓரம் எல்லாவற்றிலும் வெள்ளை பூத்திருந்தது.

"எவளோ செய்வினை வெச்சிருக்கா!" என்று பெரியம்மா நெஞ்சில் கை வைத்தார்.

எவளோ இல்லை. நான்தான். முன்னால் சொன்ன ஏற்பாடு இதுதான். கம்ப்யூட்டருக்குத் திருஷ்டி படக் கூடாதென்று கல் உப்பை முடிந்து உள்ளே வைத்திருந்தேன். கண் வெளியில்தானே படும், உப்பை ஏன் உள்ளே வைத்தாய் என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். வெளியே வைத்தால் பாய் பார்ப்பார், பார்த்தால் கேட்பார், கேட்டால் நான் பதில் சொல்ல வேண்டும். தகட்டைத் திறந்து உள்ளே வைப்பது எனக்கு அதைவிடச் சுலபமாக இருந்தது. மழை ஈரத்தையெல்லாம் அந்த உப்பு மாதக்கணக்கில் குடித்துக் குடித்து உள்ளே கக்கியிருந்தது.

சொன்னேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

பெரியம்மா டார்ச்சை அணைத்தார். மேஜையடி இருட்டில் அவர் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறார் என்று நினைத்தேன். "அடியே, உள்ளாறயே பாத்தி கட்டி வெச்சிருக்கியேடி!" என்று வாய்விட்டுச் சிரித்தார். "உப்பளம் போட்டா மேஸ்திரி வர மாட்டாரா? விசிலடிக்க மாட்டாரா?"

அவர் முந்தானையாலேயே உள்ளே துடைத்தோம். பழைய நெகடிவில் பென்சிலால் டச்சப் செய்த காலத்து ரப்பர் ஒன்று டிராயரில் இருந்தது. பச்சைப் பட்டையை எழுப்பினால் மஞ்சள் பல்லில் பாசி மாதிரி ஏதோ படிந்திருந்தது. தேய்த்தேன். பல் விளக்கிவிட்டது போலப் பளிச்சென்று ஆனது. மாட்டி அமுக்கினேன். டக். பிளக்கைச் சொருகிப் பட்டனை அமுக்கும்போது பெரியம்மா என் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

குட்டையாக ஒரே ஒரு விசில்.

சரியாக ஆரம்பித்தால் அந்தக் கம்ப்யூட்டர் எப்போதும் ஒருமுறை குட்டையாகச் சத்தம் போடும். அதுவரை தினமும் கேட்டிருக்கிறேன், காதில் விழுந்ததில்லை. அன்றைக்கு இரண்டு பேருக்கும் விழுந்தது. வீட்டுக்குப் போ.

பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நானும் அவரும் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூடப் பேசியதில்லை. ரேம், ரப்பர் எல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் பேசவில்லை.

படம் பத்திரமாக இருந்தது. திறந்தேன். பெரியம்மா ஸ்டூலை இழுத்துப்போட்டு ஸ்கிரீனுக்கு முன் உட்கார்ந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மூக்கு அவுரு. வாய் அவுரு. இது யாரு கண்ணுடி?"

நான் தரையைப் பார்த்தேன். அவர் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினார். என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி என்னை.

"மாத்திடறேன் பெரிம்மா. வேற கண்ணு போடறேன்."

"வேணாம்" என்றார். "முப்பத்தஞ்சு வருசம் குடும்பம் நடத்துனேன். அந்த மனுசன் ஒரு நாளுகூட என்னய இப்புடிப் பாத்ததில்ல. இருக்கட்டும், வுடு."

அந்தப் படம் இன்றும் அவர்கள் வீட்டு நடுச்சுவரில் இருக்கிறது. உப்பளமே நடுங்கிய மனிதர், பெண் பார்க்க வந்தவர்கள் முன் நிற்கிற பெண்ணைப் போலக் கூச்சமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த வீட்டு விசேஷத்துக்குப் போனால் நான் படத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருவேன். எங்கள் வீட்டில் நான் யாரிடமாவது பேச முடியாமல் தரையைப் பார்த்தால், என் வீட்டுக்காரர் "மேஸ்திரி வந்துட்டாருப்பா" என்பார். சாப்பிடும்போது தெருவில் லாரி ரிவர்ஸ் எடுக்கிற பீப் சத்தம் கேட்டால் என் மகள் தட்டைப் பிடித்துக்கொள்வாள், அம்மா எழுந்துவிடுவாள் என்று. நான் எழுந்துதான் இருப்பேன்.

மறுநாள் மழை விட்டது. காலையில் படம் வந்து, கருமாதி நடந்தது. மத்தியானம் பாய் கிளியனூரிலிருந்து திரும்பினார். கம்ப்யூட்டரின் சைடு தகட்டுக்கு ஒரு ஸ்க்ரூ வாங்கி வந்து போட்டார்.