காற்றூசி

2003ஆம் ஆண்டு மே மாதம் 12ஆந் திகதி, திங்கட்கிழமை, காலை ஆறே முக்கால் மணிக்கு, காற்றை ஒழிப்பதற்கே பிறவியெடுத்த ஒரு மனிதரிடம் அப்பாவின் புதுப் படகு இயந்திரம் அகப்பட்டுக்கொண்டது.

முல்லைத்தீவுக் கரையில் அவரைக் காத்தர் என்றே அழைத்தார்கள். இயந்திரம் திருத்துபவர். டீசல் குழாய்க்குள் காற்றுப் புகுந்தால் இயந்திரம் நின்றுவிடும், அதை வெளியேற்றிப் பெயர்பெற்ற நாள் முதலாக உலகின் கோளாறுகள் அனைத்துக்கும் அவரிடம் ஒரே விளக்கம்: “காத்துப் பிடிச்சிட்டுது.” தையல் இயந்திரம் நின்றாலும் அதுதான், கோயில் ஒலிபெருக்கி கரகரத்தாலும் அதுதான். சுவாமியாரின் பிரசங்கம் நீண்டபோதும் அதையே சொன்னார். அந்த ஒரு முறை எவரும் மறுக்கவில்லை.

அவரை அழைத்தது இயந்திரத்தைப் படகில் பூட்டுவதற்கு மட்டுமே. அவரோ மூடியைத் திறந்தார். பெற்றோல் போகும் இடத்துக்கே காற்றுக் குழாய் ஒன்றும் போவதைக் கண்டு முகம் இருண்டார். குழாயைக் கழற்றித் துளையை இறப்பரால் அடைத்தார். அதன்பின் இயந்திரம் தும்மக்கூட மறுத்தது.

மறுநாள் விடியப் படகு இறங்காவிட்டால் அப்பா பழையபடி மாமாவின் படகில் கூலியாளாகப் போகவேண்டும். மாமா அதற்கென ஒரு சிரிப்பை ஆயத்தமாக வைத்திருந்தார்.

இலக்கியம் படிக்கும் என்னிடம் இயந்திரத்தின் ஆங்கிலக் கையேடு தரப்பட்டது. முதற்குழல் பெற்றோலை அளந்து விடுகிறது. அடுத்த குழல் அழுத்திய காற்றால் அதைப் பனிமூட்டம்போலப் புகாராக்கி இயந்திர உருளைக்குள் ஊதுகிறது. புகாரானதால் நன்றாக எரிகிறது, பெற்றோல் மிஞ்சுகிறது. இரண்டாவது குழலுக்கு, நீண்ட யோசனைக்குப் பின், ‘காற்றூசி’ என்று ஓரத்தில் எழுதி, பெருமையுடன் வாசித்துக் காட்டினேன்.

“ஊசியாலை காத்து ஏறினா மனிசனே செத்திடுவான், பிள்ளை,” என்றார் காத்தர். “இஞ்சின் தப்புமோ?”

“புத்தகத்திலை அப்பிடித்தான் இருக்கு, ஐயா.”

“எழுதினவர் கடலுக்குப் போறவரோ?”

“அண்ணை, அந்தக் குழாயை ஒருக்காப் பூட்டுங்கோவன்,” என்று அப்பா கெஞ்சினார்.

“கொலைக்கு என்னைக் கூப்பிடாதை.”

கத்தியதில் அவருடைய பழைய ஆஸ்துமா முட்டு வந்து மூச்சு இழுத்தது. சட்டைப்பையிலிருந்த மூச்சுமருந்துப் பம்மை வாயில் வைத்து இருமுறை அழுத்தினார். மூச்சு சீராகும்வரை காத்திருந்து கேட்டேன்:

“ஐயா, அந்த மருந்தைப் புகாராக்கி உள்ளை தள்ளுறது என்ன?”

பம்மைப் பார்த்தார். இயந்திரத்தைப் பார்த்தார்.

“காத்து,” என்றார், சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும் குரலில்.

இறப்பரைப் பிடுங்கிக் குழாயைப் பூட்டினார். இயந்திரம் உறுமியது. கூடியிருந்தவர்களை நோக்கி, “நான் முதலே சொன்னனான்,” என்று அறிவித்தார். “இதுக்கு முட்டு.”

மறுநாள் காலை, அப்பாவின் படகு கண்ணுக்கு மறைந்ததும், கையேட்டின் ஓரத்தில் இருந்த ‘காற்றூசி’யைக் கோடிட்டு வெட்டிவிட்டு, ‘காத்தரின் பம்’ என்று எழுதினேன்.