மூன்றுதரம் நானாவும் இருபத்தையாயிரம் ரூபாய்க் குடையும்

வாசகப் பெருமக்களே, உங்களையே சாட்சிகளாக அழைக்கிறேன். நான் கூறப்போவதில் ஒரு சொல் பொய்யென்றாலும், நான் வென்ற விவாதக் கிண்ணங்கள் அத்தனையும் பழைய இரும்புக் கடைக்குப் போகட்டும். கற்பிட்டி முதல் சிலாபம் வரை நீளும் கரையில், வாயால் சொன்ன விலைக்கு மூன்றுதரம் நானாவைப் போல மரியாதை செய்தவர் வேறெவரும் இல்லை.

அவர் ஊருக்கே நானா, அதாவது அண்ணன்; கற்பிட்டிக் கரையில் மீன் ஏலம் கூறுபவர். கையிலிருக்கும் கறுப்புக் குடையால் மீன் குவியலைச் சுட்டி, "ஒருதரம்! ரெண்டுதரம்! மூணுதரம்!" என்று முழங்கி, குடை நுனியை மணலில் குத்தினால் விற்பனை முடிந்தது. அந்தப் பழக்கம் வாழ்க்கை முழுவதும் பரவியிருந்தது. தேநீர்க் கடையில் "பிளேன்டீ ஒருதரம், ரெண்டுதரம்" என்பார். மூன்றாவதைச் சொல்வதற்குள் கடைக்காரர் கோப்பையோடு ஓடிவருவார். அவருடைய நிக்காஹ்வில் சம்மதம் கேட்டபோது மூன்று தரம் சம்மதித்துவிட்டுக் குடையைத் தேடினாராம். முன்னால் அமர்ந்திருந்த பதிவாளர் தம் காலை உள்ளே இழுத்துக்கொண்டார் என்பது ஊர் வரலாறு.

அவருடைய கரையில் இரண்டு சட்டங்கள் இருந்தன. ஒன்று, ஏலம் எடுத்தவருக்கு மேலுக்கு, அதாவது கொசுறாக, நாலு சூடை மீனாவது அள்ளிப் போட வேண்டும். மற்றொன்று, கேட்ட விலையை நின்ற இடத்திலேயே கட்ட வேண்டும். இரண்டாவது சட்டத்துக்குப் பலியானவர் அந்தோனி. சிலாபத்துப் பக்கத்து மீன் வியாபாரி, நல்ல மனிதர். ஒரு பாரைக் குவியலைக் கேட்டுவிட்டு, லொறிக் கூலி போகச் சல்லி குறைகிறது, மிச்சத்தை நாளைக்குத் தருகிறேன் என்றார்.

"ஏலத்துல நாளைக்கு எண்டு ஒரு நாள் இல்ல, அந்தோனி. இனி நீங்க இந்தக் கரையில வாய் தொறக்க வாணாம்" என்றார் நானா. அன்றிலிருந்து அந்தோனி கரையோரம் நின்று, அடுத்தவர் எடுத்த மீனைக் கூடுதல் விலைக்கு வாங்கிக்கொண்டிருந்தார்.

இத்தகைய மனிதருக்கு ஒரேயொரு பலவீனம்: மணிகள். சைக்கிள் மணி, பள்ளிக்கூட மணி, ஐஸ்கிறீம் வண்டி மணி என்று அவர் வீடு முழுவதும் மணிகள். அலுமாரியைத் திறந்தால் மணி அடிக்கும்; கதிரையை நகர்த்தினால் மணி அடிக்கும். அவர் மனைவி சீனி எடுக்கப் போனால் தெரு முழுவதற்கும் தெரிந்துவிடும்.

ஆகவே, கொழும்பு நிறுவனமொன்று கற்பிட்டிக் கடற்கரை விடுதியில் பழம்பொருட்களை ஏலம் விடப்போகிறது, அதில் பித்தளைக் கப்பல் மணியொன்றும் உண்டு என்ற செய்தி வந்தபோது நானா உறக்கம் இழந்தார். ஒரு இலட்சம் ரூபாயை இடுப்புப் பட்டியில் செருகிக்கொண்டு, மொழிக்குத் துணையாக என்னையும் அழைத்துச் சென்றார். வாசலில் விதிமுறைப் புத்தகம் கொடுத்தார்கள். நான் உரத்த குரலில் வாசிக்கத் தொடங்கினேன்.

"மூடு தம்பி! ஏலம் எண்டா வாய். வாசிக்கிறதுக்கு இதென்ன பரீட்சையா?"

ஏலம் தொடங்கியது. கொழும்பு ஏலக்காரர் மென்மையாகப் பேசினார். "இவருக்கு மேலுக்குச் சுகமில்லையா?" என்று நானா கவலைப்பட்டார். மணி வந்தது. எழுபதாயிரம், எண்பதாயிரம் என்று ஏறியது. நானா எழுந்து நின்று, "ஒரு இலட்சம்!" என்று கடலுக்குக் கேட்கும்படி கூவினார். வெள்ளைக்காரப் பெண்மணியொருவர் தம் பழரசத்தைச் சிந்தினார். சுத்தியல் விழுந்தது. மணி நானாவுக்கு!

காசாளர் மேசையில் இலட்சத்தை வைத்துவிட்டு நானா புன்னகைத்தார். "சரி மகள், மேலுக்கு என்ன தாறீங்க?"

அந்த இளம்பெண் பில்லை நீட்டினாள். "நீங்கதான் தரணும் சேர். ஒரு இலட்சம் சுத்தியல் விலை மட்டும்தான். வாங்குறவரோட கட்டணம் நூற்றுக்கு இருபது வீதம், இருபதாயிரம். அந்தக் கட்டணத்துக்கு வற் வரி மூவாயிரத்து அறுநூறு. பொதி செய்யுற கூலி ஆயிரத்து நானூறு. எல்லாமா இன்னும் இருபத்தையாயிரம்."

"வாங்கினதுக்கு என்னத்துக்குக் கட்டணம்? நான் விக்கிறவனிட்டத்தான் தரகு எடுக்கிறேன்!"

"இங்க ரெண்டு பக்கமும் எடுப்பாங்க சேர்."

"பொதிக் கூலியா? மணிக்குச் சட்டை தைக்கிறீங்களா?"

என் மேடை வந்துவிட்டதென உணர்ந்தேன். தொண்டையைச் செருமினேன். "மதிப்புக்குரிய காசாளர் அவர்களே! விலை என்பது யாது? வாங்குபவன் மனமுவந்து மொழிந்த தொகையே விலை. மொழியாத தொகைக்கு அவன் எங்ஙனம் கடன்பட்டவனாவான்? முதலாவதாக..."

"தம்பி, பின்னால ஆக்கள் நிக்கிறாங்க" என்றாள் அவள். "நீங்க வாசிச்சுக்கொண்டிருந்த புத்தகத்துலேயே எல்லாம் இருக்கு. மூணாம் பக்கம்."

என் மேடை வாழ்வில் இவ்வளவு விரைவாக நான் தோற்றதில்லை.

"முழுசும் கட்டினாத்தான் மணி, சேர். இல்லாட்டி ஏலம் ரத்து. நாங்க இண்டைக்கே கொழும்பு போறம்."

நானாவின் முகம் வெளுத்தது. மணி போவதல்ல துயரம். கேட்ட விலையைக் கட்டாதவர் என்ற பெயர் மூன்றுதரம் நானாவுக்கு வரப்போகிறது. "நா..." என்று அவர் வாய் திறந்ததைக் கண்டேன். 'நாளைக்கு' என்றுதான் சொல்ல வந்தார். அப்போது காசாளர் மேசையை ஒட்டிய சமையலறைக் கதவருகே, விடுதிக்கு மீன் கொடுத்துவிட்டுக் காசை எண்ணிக்கொண்டிருந்த அந்தோனியின் கண்ணும் அவர் கண்ணும் சந்தித்தன. திறந்த வாய் மூடிக்கொண்டது.

நானா விறுவிறுவென முற்றத்துக்கு வந்தார். வேடிக்கை பார்க்க வந்திருந்த கரை வியாபாரிகள் திரும்பினார்கள். அவர் குடையை உயர்த்தினார். "குடை ஒண்டு ஏலம்! கேளுங்க!"

"ஐந்நூறு!" என்றார் ஒருவர் சிரித்துக்கொண்டே.

"அறுநூறு! ஓட்டை இல்லாட்டி மட்டும்!"

சிரிப்பு அடங்குமுன் பின்னாலிருந்து குரல் வந்தது. "இருபத்தையாயிரம்."

எல்லாத் தலைகளும் திரும்பின. அந்தோனி.

நானா குரலைத் தாழ்த்தினார். "விசரா ஒங்களுக்கு? இது கம்பி ரெண்டு இல்லாத குடை!"

"ஏலக்காரர் சாமானப் பழிக்கக் கூடாது நானா. தரத்தச் சொல்லுங்க."

"ஒருதரம்" என்றார். "ரெண்டுதரம்" என்றார். கடலையே நடுங்கவைத்த அந்தத் தொண்டையிலிருந்து மூன்றாவது வெளிவரவில்லை. குடை நுனி மட்டும் புல்லில் மெல்ல இறங்கியது.

அந்தோனி காசை நீட்டினார். "கட்டணம், வற், பொதிக் கூலி ஒண்டும் இல்லியே?"

"என்ட ஏலத்துல மேலுக்கு வாங்கிறதில்ல. குடுக்கிறதுதான்."

"அப்ப மேலுக்கு என்ன?"

நானா தம் வெறுங்கைகளைப் பார்த்தார். பிறகு, எங்கள் கரை அதுவரை கேட்டிராத அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வந்தது. "நாளைக்குத் தாறேன்."

விடுதிக் கூரை பறக்கும்படி சிரித்தவர்களில் முதல்வர் நானாவேதான்.

மறுநாள் விடியலில், பொதிச் சட்டை கழற்றப்பட்ட அந்தக் கப்பல் மணி கரையிலுள்ள தென்னங்கம்பத்தில் தொங்கியது. அந்தோனி வழக்கம்போல ஒதுங்கி, கம்பி இரண்டு இல்லாத குடையைப் பிடித்தபடி நின்றார். நானா மணியின் கயிற்றை இழுத்தார். இயந்திர வள்ளங்களின் இரைச்சலே அடங்கியதுபோல் இருந்தது.

"எல்லாரும் கேளுங்க! அந்தோனிக்கு மேலுக்குக் குடுக்க ஒண்டு பாக்கி இரிக்கி. மொதக் குவியல அவரே கேக்கட்டும். சல்லி பத்தாட்டி முகத்தத் தொங்கப் போட வாணாம். வல்லாஹி, சத்தியமா, இனி இந்தக் கரையில நாளைக்கு எண்டும் ஒரு நாள் இரிக்கி! ஒருதரம்! ரெண்டுதரம்! மூணுதரம்!"