மிஸிஸ் மக்கே வீட்டில் முதல் கால்

கறுப்பாகப் பிறந்தவனைத் தேடி வந்து "உன்னைப்போல் ஒருவன்தான் வேண்டும்" என்று யாரும் கேட்பதில்லை. என் கல்யாணப் பேச்சு நடந்த காலத்தில் போன இடமெல்லாம் "பெடியன் நல்ல பெடியன், ஆனால்..." என்று இழுத்தார்கள். அந்த 'ஆனால்' என் நிறம். கடைசியில் வசந்தி ஓம் என்றாள். (அவளுக்குக் கிட்டப்பார்வை என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்குத் தெரியவந்தது.) ஆகவே, ரொறன்ரோவில் ஒரு ஸ்கொட்லாந்துப் பெண்மணி வேலியோரம் வந்து, "நீ உயரம், நீ கறுப்பு, உன்னைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன்" என்று சொன்னபோது எனக்குத் தலைகால் புரியவில்லை.

இலங்கையில் சண்டை முடிந்த வருஷத்து மார்கழி அது. நாங்கள் மோர்னிங்சைட் பக்கம் குடியிருந்தோம். பக்கத்து வீட்டு மிஸிஸ் மக்கே இளம் வயதில் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர். எழுபதைத் தாண்டியவர், கணவர் இறந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அவர்கள் ஊரில் புதுவருஷம் பிறந்ததும் வீட்டு வாசலை முதலில் தாண்டி வருகிறவரைப் பொறுத்துத்தான் அந்த வருஷத்து அதிர்ஷ்டமாம். வருகிறவர் ஆணாக இருக்கவேண்டும், உயரமாக இருக்கவேண்டும், கறுப்பாக இருக்கவேண்டும். கையில் நிலக்கரி, உப்பு, வெண்ணெய் பிஸ்கற், விஸ்கி கொண்டுவர வேண்டும். பெண் வந்தால் ஆகாது.

"அதிலும் சிவப்பு முடிக்காரி வந்தால் வீடு தொலைந்தது" என்று மிஸிஸ் மக்கே கண்ணை மூடித் தலையை ஆட்டினார். "கணவர் இருந்தவரை அவரே பின்கதவால் போய் முன்கதவால் வருவார். இனி நீதான். நடுச்சாமம் வரை எனக்கு விழித்திருக்க ஏலாது. காலையில் வா. அதுவரை ஒரு பூனையையும் உள்ளே விடமாட்டேன்."

அவர் சொன்ன கறுப்பு தலைமயிரின் கறுப்பு என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. அந்தக் கணக்கில் பார்த்தால் என் உச்சந்தலை அப்போதே பாதித் தகுதியை இழந்திருந்தது. ஆனால் அன்று நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்குள் போய், "பாத்தியளோ, என்ர கலருக்கும் ஒரு மரியாதை இருக்கு" என்றேன்.

வசந்தி சிரிக்கவில்லை. "நல்ல நாளும் பெருநாளுமா ஒரு வீட்டுக்குக் கரிக்கட்டை கொண்டு போறதோ? உங்களுக்கென்ன விசரே?" என்றாள்.

சிரத்தையாகக் கேட்டது சின்னம்மாதான். வசந்தியின் தாயின் தங்கை. எங்களோடுதான் இருந்தார். கணவர் காலமாகிக் கனகாலம். ஒரே மகன் சீலன் வன்னிக்குள் அகப்பட்டுக்கொண்டான். சண்டை முடிந்த கையோடு வவுனியா முகாம் கம்பிவேலிக்குப் பின்னால் அவனைக் கண்டதாக ஒருவர் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. சின்னம்மா தொலைபேசியைக் குளியலறை வரைக்கும் கொண்டுபோனார். நித்திரை இல்லை. அந்தச் சில மாதங்களிலேயே தலை பஞ்சாய் வெளுத்துவிட்டது. தலைச்சூடு இறங்கட்டும் என்று வசந்தி மருதாணி அரைத்துப் பூச, வெள்ளை முடி முழுவதும் கரட் நிறத்துக்கு மாறியிருந்தது. (இந்த இடத்தில் எனக்கு மண்டையில் ஏதாவது தட்டியிருக்க வேண்டும். தட்டவில்லை.)

"அதென்ன தம்பி, கறுப்பு ஆள்தான் வரவேணும் எண்டு?" என்று சின்னம்மா கேட்டார்.

நான் மிஸிஸ் மக்கேயிடம் கேட்டுவந்து சொன்னேன். அந்தக் காலத்தில் கடல் கடந்து கொள்ளையடிக்க வந்தவர்களுக்குப் பொன்னிற முடியாம். அப்படி ஒருவன் கோடரியோடு வாசலில் நின்றால் அந்த வீட்டுக்கு அழிவு. கறுப்பு முடிக்காரன் என்றால் சொந்த ஊர்க்காரன், பயமில்லை.

சின்னம்மா கையிலிருந்த தொலைபேசியைப் பார்த்தார். "அப்ப அதுகளும் ஆர் கதவைத் தட்டுறாங்கள் எண்டு பயந்து கிடந்த சனம்தான்" என்றார். பிறகு, "நானும் வாறன் தம்பி. தள்ளித்தான் நிப்பன். புருசன் இல்லாத நான் முன்னுக்கு வரமாட்டன். இந்த வருஷத்து முதல் கதவு நல்லபடியாத் திறந்தா என்ர பிள்ளை கதைப்பான் எண்டு மனசு சொல்லுது" என்றார்.

அதற்குப் பிறகு அது விளையாட்டாக இருக்கவில்லை. கடை கடையாக நிலக்கரி தேடினேன். கிடைக்கவில்லை. பார்பிக்யூ கரியில் நல்ல உருண்டையாக ஒன்றைப் பொறுக்கினேன். வசந்தி மனம் கேளாமல் எங்கள் வெள்ளித் தட்டை எடுத்து, வெற்றிலை பரப்பி, அதன்மேல் கரி, கிண்ணத்தில் உப்பு, பிஸ்கற் எல்லாம் அடுக்கித் தந்தாள். கரிக்குக் கூடச் சந்தனப் பொட்டு வைத்திருந்தாள்.

புதுவருஷக் காலை. வாசற்படியில் முழங்கால் உயரத்துக்குப் பனி. மிஸிஸ் மக்கே நல்ல உடுப்பும் முத்துமாலையுமாகக் கதவை அகலத் திறந்து நின்றார். என் கையில் தட்டு, கக்கத்தில் விஸ்கிப் போத்தல். நாலடி பின்னால் சின்னம்மா, தலையை மூடிய சால்வையோடு.

உள்ளே காலை வைத்திருந்தால் எல்லாம் சுபமாக முடிந்திருக்கும். ஆனால் ஒரு வீட்டுக்கு அதிர்ஷ்டம் கொண்டு போகிறவன் சப்பாத்தோடு போகலாமா? கதவுக்கு வெளியிலேயே பனிச்சப்பாத்தைக் கழற்றுவதென்று முடிவெடுத்தேன். அதுவும் வலதுகாலை முதலில்.

"உள்ளே வந்து கழற்று மகனே!" என்றார் மிஸிஸ் மக்கே.

"நோ, நோ, எங்கள் வழக்கம்" என்று இடதுகாலில் நின்றுகொண்டு வலதுகாலைப் பிடித்து இழுத்தேன். சப்பாத்து வரவில்லை. தட்டு ஆடியது. பொறுக்க மாட்டாமல் சின்னம்மா கிட்ட வந்து, "தட்டை இஞ்ச தாங்கோ தம்பி" என்று வாங்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துச் சப்பாத்து கழன்றது. நான் பின்பக்கமாகச் சரிந்து, கைக்கு அகப்பட்டதைப் பிடித்தேன். அகப்பட்டது சின்னம்மாவின் முழங்கை. நான் விழுந்தது பனிக்குள். அவர் ஒரு சுழற்சி சுழன்று, தட்டோடு, வாசலைத் தாண்டி, மிஸிஸ் மக்கேயின் வெளிர்நிறக் கம்பளத்தில் போய் அமர்ந்தார்.

கரி உருண்டு கோடு போட்டது. உப்பு கொட்டியது. சால்வை விலகியது. மிஸிஸ் மக்கேக்கு முன்னால், புதுவருஷத்தின் முதல் ஆளாக, தகதகவென்று ஒரு சிவப்பு முடிக்காரி.

மிஸிஸ் மக்கே "ஓ!" என்றார். அவசரமாகக் குனிந்து சிந்திய உப்பில் ஒரு சிட்டிகை எடுத்து இடது தோளுக்கு மேலால் எறிந்தார். தோஷம் கழிக்கிற முறையாம். அதற்குள் நான் உடையாத போத்தலும் ஒற்றைச் சப்பாத்துமாக ஓடிப்போய் அவருக்குப் பின்னால் நின்றதால் தோஷம் முழுவதும் என் கண்ணுக்குள் போனது.

ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டபடியே பார்த்தேன். சின்னம்மா எழும்பவில்லை. அடிபட்டுவிட்டதோ என்று பதறினேன். அவர் அழுதுகொண்டிருந்தார்.

"எங்க போனாலும் நான்தான் அபசகுனம். இவவின்ர வருஷத்தையும் கெடுத்துப்போட்டன். என்ர பிள்ளை இனிக் கதைக்கமாட்டான் தம்பி."

"என்ன சொல்கிறார்?" என்று மிஸிஸ் மக்கே கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். சீலனைச் சொன்னேன். எங்கள் ஆட்களில் கணவனை இழந்தவர்கள் நல்ல காரியத்தில் முன்னுக்கு வரமாட்டார்கள் என்பதையும் சொன்னேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

மிஸிஸ் மக்கே என்னை விட்டுவிட்டுச் சின்னம்மாவைப் பார்த்தார். முழங்கால் நோவோடு, கதிரையைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கி, கம்பளத்தில் அவருக்குப் பக்கத்தில் இருந்தார். "நானும் கணவன் இல்லாதவள்தான் என்று சொல்லு. உங்கள் ஊரில் இப்போது இப்படி நிறையப் பெண்கள் இருக்கிறார்களா என்று கேள்."

சின்னம்மா மூக்கைத் துடைத்தார். "அங்க இப்ப வீட்டுக்கு வீடு நாங்கள்தானே. ஆர் முன்னுக்குப் போறது, ஆர் பின்னுக்கு நிக்கிறது?"

அதை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"விஸ்கியை உடை" என்றார் மிஸிஸ் மக்கே. "யார் முதலில் வந்தாரோ அவருக்கு நான் வார்த்துக் கொடுக்கவேண்டும். அதுதான் சட்டம். இந்த வருஷம் வந்தது இவர்."

சின்னக் கண்ணாடிக் குவளையில் வார்த்து நீட்டினார். சின்னம்மா அதை மரியாதையாக வாங்கி, வலது உள்ளங்கையில் ஊற்றி, தீர்த்தம்போல உறிஞ்சி, மிச்சத்தைத் தலையில் தடவிக்கொண்டார். அவருடைய முகம் போன போக்கை நான் விவரிக்கப் போவதில்லை. மிஸிஸ் மக்கே அதைக் கவனமாகப் பார்த்து, தன் உள்ளங்கையிலும் ஊற்றிக் குடித்து, தலையில் தடவிக்கொண்டார். நான் கண்ணைக் கழுவப் போனேன்.

தைப்பொங்கலுக்கு முன்பே சீலன் தொலைபேசியில் கதைத்தான். முகாமிலிருந்து வெளியே விட்டிருந்தார்கள். வவுனியாவில் யாரோ வீட்டிலிருந்து, "அம்மா, நான்தான்" என்றான். சின்னம்மா கத்திய கத்தலில் நான் மாடிப்படியில் தடுக்கி விழுந்தேன். கதைத்து முடித்ததும் சின்னம்மா வீட்டுச் செருப்போடு பனிக்குள் ஓடிப்போய் முதலில் சொன்னது மிஸிஸ் மக்கேக்குத்தான்.

அடுத்த வருஷத்திலிருந்து என் பதவி பறிபோனது. சின்னம்மா முன்னால் போவார், நான் தட்டுக்காரனாகப் பின்னால் போவேன். வீட்டில் யார் எந்த வழக்கத்தை மீறினாலும் "அது ஸ்கொட்லாந்து முறை" என்று சொல்லிச் சமாளிப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான். மரக்கறி நாளில் மீன் பொரித்தாலும் வசந்தி அதைத்தான் சொல்கிறாள்.

சீலன் எத்தனையோ நாடு சுற்றி இங்கே வந்து சேர்ந்து, மில்லிக்கனில் வீடு வாங்கினான். புதுவீட்டுக் குடிபூரலன்று ஐயர், "சுமங்கலிப் பெண்கள் விளக்கோட முன்னுக்கு வாங்கோ" என்றார். சின்னம்மா வழக்கம்போலக் கராஜ் பக்கமாக ஒதுங்கினார். சீலன் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, விளக்கை அவர் கையில் கொடுத்தான்.

"அம்மா போகட்டும்."

சனத்துக்குள் ஒரு குசுகுசுப்பு. ஐயர் என்னைப் பார்த்தார். "இதென்ன முறை?"

"ஸ்கொட்லாந்து முறை ஐயா" என்றேன், வாய்ப் பழக்கத்தில்.

சின்னம்மா வலதுகாலை எடுத்து வைத்து உள்ளே போய்விட்டார். ஐயர் அவர் போனதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் குனிந்து, மெல்லக் கேட்டார்:

"என்ர அம்மா வெளியில கார்லதான் இருக்கிறா. அவவையும் கூட்டிக்கொண்டு வரட்டோ?"