வெளிப்புற மோடம் விடுதலை பெற்ற வரலாறு

சுதந்திரத்துக்காகச் சொத்தை விட்டவர்கள் உண்டு. சுகத்தை விட்டவர்கள் உண்டு. உயிரையே விட்டவர்களும் உண்டு. சுதந்திரத்துக்காக டயல் டோனை விட்டவர் உலக வரலாற்றில் ஒருவர்தான். அவர் எங்கள் தலைவர். அந்த மாபெரும் தியாகத்தைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே பார்க்கும் பேறு எனக்குக் கிடைத்தது.

நான் 'கட்டற்ற கணினிச் சங்க'த்தின் செயலாளர். சங்கத்தில் நாங்கள் நாலு பேர். தலைவர், துணைத் தலைவர், பொருளாளர், செயலாளர். வெறும் உறுப்பினர் என்ற இழிநிலையில் யாரும் இல்லை. தலைவர் தண்ணீர் மீட்டர் அலுவலகத்தில் ஒரு பிரிவுக்குத் தலைவர். அதனால் தலைமை அவருக்குப் பழக்கம். துணைத் தலைவர் சினிமா தியேட்டர் மேனேஜர். பொருளாளர் கணக்கு வாத்தியார். எங்கள் கொள்கைப்படி எல்லாமே இலவசம் என்பதால் அவரிடம் பொருள் எதுவும் கிடையாது. அதை அவர் மிகக் கண்ணியமாகக் காத்து வந்தார்.

எங்கள் கொள்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கம்ப்யூட்டரை இயக்குகிற அடிப்படை மென்பொருளை ஒரு கம்பெனி எழுதி, மூடி, முத்திரை வைத்து விற்றால் அது அடிமைத்தனம். அதையே ஊர் கூடி எழுதி, உள்ளே இருப்பதை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைத்தால் அது விடுதலை. திறந்து வைத்ததைப் பார்த்தாலும் எங்களுக்கு ஒன்றும் புரியாது என்பது வேறு விஷயம். பூட்டிய கதவுக்கு முன்னால் புரியாமல் நிற்பதற்கும், திறந்த கதவுக்கு முன்னால் புரியாமல் நிற்பதற்கும் கொள்கையளவில் பெரிய வித்தியாசம் இருக்கிறது.

சங்கக் கூட்டங்கள் தலைவர் வீட்டு ஹாலில் நடக்கும். கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது. தலைவரின் மனைவியும் அங்கேதான் இருந்தார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணி என்போம், அவரைவிட வயதில் மூத்த கணக்கு வாத்தியார் உட்பட.

அண்ணி, மின்சாதனங்களோடு பெட்டிக்குள் வைக்கிற 'பயன்படுத்தும் முறை' புத்தகங்களைத் தமிழில் மொழிபெயர்ப்பவர். இஸ்திரிப் பெட்டி, தண்ணீர் சூடாக்கி, முடி உலர்த்தி எல்லாம் அவர் கைபட்டுத்தான் தமிழ் பேசின. பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்த வாரம் ஒரு பெரிய நிறுவனம், நிரந்தர வேலைக்கு ஆள் கேட்டிருந்தது. மாதிரி மொழிபெயர்ப்பை வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். தேறியவருக்கு அன்று மாலை ஐந்து மணிக்குள் போன் வரும். வராவிட்டால் இல்லை என்று அர்த்தம். இதற்காகவே அண்ணி தன் சேமிப்பில் ஒரு மோடம் வாங்கினார். கம்ப்யூட்டருக்கு வெளியே, மேசை மேல் உட்கார்ந்துகொண்டு, தொலைபேசிக் கம்பி வழியாக இணையத்தைப் பிடித்துத் தருகிற சின்னப் பெட்டி. திங்கட்கிழமை அதை மாட்டினார், எண்ணைத் தட்டினார், அது கீச்சிட்டது, இணையம் வந்தது. தங்கைக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பதிலும் வாங்கிவிட்டார்.

இப்படிப்பட்ட அடிமைத்தனத்தை எந்தக் கணவன்தான் பொறுப்பான்?

செவ்வாய்க்கிழமை அண்ணி காய்கறி வாங்கப் போயிருந்த நேரத்தில் தலைவர் பழைய மென்பொருளை அடியோடு அழித்து, விடுதலை மென்பொருளை ஏற்றினார். அண்ணி திரும்பி வந்தபோது திரை கறுப்பாக இருந்தது. அதில் ஒரே ஒரு கோடு மினுங்கிக்கொண்டிருந்தது.

"என்னங்க இது? கெட்டுப்போச்சா?"

"விடுதலை ஆயிடுச்சு" என்றார் தலைவர். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"நல்லதுதான். மோடம் எங்க?"

"மோடத்தை மட்டும் இன்னும் அது ஒத்துக்கல. ஒரு மணி நேர வேலை. சங்கத்தைக் கூட்டிட்டேன்."

அண்ணியின் மொழிபெயர்ப்பு ஒரு ஃபிளாப்பி வட்டில் பத்திரமாக இருந்தது. அதனால் அவர் அதிகம் பேசவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள முடிஞ்சிடும்ல?" என்று மட்டும் கேட்டார். "வெள்ளிக்கிழமையா!" என்று நாங்கள் நாலு பேரும் சேர்ந்து சிரித்தோம்.

புதன்கிழமை முதல் சிக்கல் வந்தது. கம்ப்யூட்டரின் முதுகில், மோடத்தின் கம்பியைச் செருக இரண்டு துளைகள் இருந்தன. முதல் துளையில் செருகினோம். எந்தத் துளை என்று மென்பொருள் கேட்டது. 'ஒன்று' என்றோம். மோடத்தைக் காணோம் என்றது.

கணக்கு வாத்தியார் எழுந்தார். "இந்த மென்பொருள் பூஜ்யத்துலேருந்து எண்ணுது. முதல் துளைக்குப் பேரு பூஜ்யம்."

"முதலாவதுக்குப் பேரு பூஜ்யமா?" என்று கொதித்தார் தியேட்டர் மேனேஜர். "என் தியேட்டர்ல முதல் சீட்டுக்குப் பூஜ்யம்னு போட்டா, டிக்கெட் வாங்குனவன் என்னை உதைப்பான்!"

"உங்க தியேட்டர் மூடின மென்பொருள் மாதிரி. இது திறந்த மென்பொருள்."

"திறந்துட்டா எண்ணத் தெரியாதா?"

'பூஜ்ய அணி', 'ஒன்றாம் அணி' என்று சங்கம் இரண்டாகப் பிளந்தது. ஒற்றுமையைக் காக்க, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஏதாவது கொடுத்துப் பார்க்கலாம் என்று தலைவர் ஒரு சமரசத் திட்டம் முன்வைத்தார். கணக்கு வாத்தியார் 'அரை' என்று தட்டச்சு செய்தார். மென்பொருள் பதிலே சொல்லவில்லை. கடைசியில் வாக்கெடுப்பு நடந்தது. இரண்டுக்கு இரண்டு. தலைவரின் சிறப்பு வாக்கால் பூஜ்யம் வென்றது. மோடத்தில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. தியேட்டர் மேனேஜர் அதைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"நான் வேணும்னா தெருமுனை பிரௌசிங் கடைல போய் அனுப்பிடட்டுமா?" என்றார் அண்ணி, டீ தம்ளர்களை எடுத்துக்கொண்டே.

"வீட்டுல மோடத்தை வெச்சுக்கிட்டுக் கடைக்கா? நாலு பேர் என்ன சொல்லுவாங்க?" என்றார் தலைவர். அந்த நாலு பேரும் நாங்கள்தான். நாங்களும் கூடாது என்றோம்.

வியாழக்கிழமை மோடத்தை இயக்கிப் பார்த்தார் தலைவர். திரையில் எழுத்துகள் வந்தன. 'அனுமதி மறுக்கப்பட்டது.'

அண்ணி எட்டிப் பார்த்தார். "யாருக்கு அனுமதி இல்லையாம்?"

"எனக்குத்தான்" என்றார் தலைவர், பெருமையாக.

"குடுக்க வேண்டியது யாரு?"

"அதுவும் நான்தான்."

"அப்ப குடுத்துத் தொலைங்களேன்."

"அப்படியெல்லாம் குடுத்துட முடியாது. இப்ப நான் சாதாரண ஆளா உள்ள வந்திருக்கேன். வெளிய போய், நிர்வாகியா திரும்பி வந்து, எனக்கு நானே அனுமதி குடுத்துட்டு, மறுபடி வெளிய போய், சாதாரண ஆளா உள்ள வந்து வாங்கிக்கணும்."

"வெளியன்னா எங்க? வாசலுக்கா?"

"கம்ப்யூட்டருக்குள்ளயே."

"கோரிக்கை எழுத்துல இருக்கணுமே" என்றார் கணக்கு வாத்தியார்.

தலைவரின் அலுவலக ரத்தம் விழித்துக்கொண்டது. சாதாரண ஆளான அவர், நிர்வாகியான தனக்கு ஒரு மனு எழுதினார். நிர்வாகியான அவர் அதை வாங்கி, படித்து, 'பரிசீலனையில்' என்று எழுதி மேசை மேல் வைத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு நடைப்பயிற்சிக்குப் போய்விட்டார். சொந்தக்காரர் என்பதற்காக மனுவை முந்தி எடுக்கவில்லை. இந்த நேர்மையை வேறு எந்த மென்பொருளிலும் நான் கண்டதில்லை.

அனுமதி வெள்ளிக்கிழமை காலையில் கிடைத்தது. அதற்குள் அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது. யாரிடமும் எதுவும் கேட்காமல் ஃபிளாப்பியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு செருப்பை மாட்டினார். வாசலில் நின்று, "அனுப்பிட்டு, அப்படியே பேங்க்குக்கும் போயிட்டு வரேன். சாயங்காலம் போன் வரும். லைனைக் கெடுத்துடாதீங்க" என்றார். நாங்கள் கம்ப்யூட்டரின் முதுகுக்குப் பின்னால் தவழ்ந்துகொண்டிருந்தோம். யாரோ "சரி அண்ணி" என்றார்கள். நானாகக்கூட இருக்கலாம்.

அவர் போன பிறகுதான் ஒரு விஷயம் தெரிந்தது. இணையத்துக்கான தொலைபேசி எண் எங்களிடம் இல்லை. அது பழைய மென்பொருளுக்குள் இருந்தது. பழைய மென்பொருள் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வீடு முழுக்கத் தேடினோம். தொலைபேசிக்கு மேலே சுவரில், அண்ணியின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்ததைத் தலைவர்தான் கண்டுபிடித்தார். 'மிக முக்கியம்' என்று எழுதி, கீழே ஓர் எண்.

"இந்த வீட்டுல மிக முக்கியமான நம்பர் வேற என்ன இருக்க முடியும்?" என்றார் தலைவர். நாங்களும் ஆமோதித்தோம்.

பூஜ்யத்தால் புண்பட்டிருந்த தியேட்டர் மேனேஜர் தன் பங்குக்கு ஒரு கட்டளைத் தொடர் எழுதினார். இணைப்பு கிடைக்கும்வரை மோடம் தானாகத் திரும்பத் திரும்ப டயல் செய்துகொண்டே இருக்கும். அதற்கு அவர் 'விடாமுயற்சி' என்று பெயர் வைத்தார். அழைப்பு போனது. மணி அடித்தது. பிறகு மோடத்தின் சின்ன ஒலிபெருக்கியிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"வணக்கம், சொல்லுங்க."

நாங்கள் வாயைப் பிளந்தோம். மோடம் பேசுகிறது! "குரல்லயே வரவேற்கிற சேவை" என்றார் தலைவர். மோடம் 'கீங் கீங்' என்று மரியாதையாகப் பதில் சொன்னது. இணைப்பு அறுந்தது. விடாமுயற்சி மறுபடி டயல் செய்தது.

"ஹலோ? யாருங்க?"

கீங்.

மறுபடி.

"யாருங்க நீங்க? உங்களுக்கு என்னதான் வேணும்?"

"கேள்வி கேக்குது" என்று கிசுகிசுத்தார் கணக்கு வாத்தியார். "பாஸ்வேர்டா இருக்குமோ?"

தலைவர் பாஸ்வேர்டைத் தட்டினார். பலன் இல்லை. மதியம் வந்தது, போனது. குரல் வரவரச் சூடாகிக்கொண்டே இருந்தது. "இது ஆபீஸ் நம்பருங்க!" என்றது. "உங்க நம்பர் இங்க தெரியுது, தெரியும்ல?" என்றது. "உங்களுக்கெல்லாம் வேற வேலையே இல்லையா?" என்று கேட்டபோது தலைவர் யோசித்துவிட்டு, 'இல்லை' என்று நேர்மையாகத் தட்டச்சு செய்தார்.

அந்த நேரத்தில் அண்ணி உள்ளே வந்தார். அவர் முகம் அப்படிப் பிரகாசமாக இருந்து நான் பார்த்ததில்லை. "போயிடுச்சு! கிடைச்சுதுன்னு பதில்கூட வந்துடுச்சு. 'மிகவும் நன்று, மாலையில் அழைக்கிறோம்'னு எழுதியிருக்காங்க அந்தக் கம்பெனி மேனேஜர் அம்மா. நாலரை ஆகுது, கொஞ்சம் லைனை விடுங்க..."

மோடத்திலிருந்து குரல் வந்தது. "மறுபடியும் நீங்களா?"

அண்ணி அப்படியே நின்றார். "அது அவங்க குரல்" என்றார். "திங்கட்கிழமை நான் பேசினேன். அது அவங்கதான்."

அவரே போய்த் தொலைபேசிக் கம்பியை மோடத்திலிருந்து பிடுங்கித் தொலைபேசியில் மாட்டினார். அடுத்த நிமிடமே தொலைபேசி அடித்தது. அண்ணி பேசியது மட்டும்தான் எங்களுக்குக் கேட்டது.

"ஆமாங்க, இது என் வீட்டு நம்பர்தான்... இல்லைங்க, நான் பண்ணல... மோடம்ங்க... மிரட்டல் எல்லாம் இல்லைங்க, என் வீட்டுக்காரர்... ஆமா, காலைலேருந்தா?... போலீஸ் வேணாங்க, நான் சொல்லிக்கிறேன்... புரியுதுங்க... நல்லா எழுதியிருக்கேன்னு சொன்னீங்களே, அதுக்கு நன்றிங்க."

ரிசீவரை மெதுவாக வைத்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. தலைவர், "அப்ப இணையத்தோட நம்பர் எதுதான்?" என்று கேட்டார். அண்ணி அதை மனப்பாடமாகச் சொன்னார். நாலு நாளாக அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

ஒரே டயலில் இணைப்பு கிடைத்தது. கட்டிப்பிடித்துக்கொண்டோம். பூஜ்ய அணியும் ஒன்றாம் அணியும் கைகுலுக்கின. 'எங்கள் மோடம் வேலை செய்கிறது' என்று உலகெங்கும் உள்ள தோழர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். அங்கேயே வெற்றிக் கூட்டம் கூடியது. தலைவருக்குப் பாராட்டுத் தீர்மானம், துணைத் தலைவரின் விடாமுயற்சிக்குத் தனித் தீர்மானம், பூஜ்யத்துக்கு ஒரு நன்றி. இறுதியில் வாழ்த்துரை வழங்க அண்ணியை அழைத்தார் தலைவர்.

அண்ணி கைப்பையைக்கூட இன்னும் கீழே வைக்கவில்லை.

"மோடம் வாங்கினது நான். டீ போட்டது நான். போனது என் வேலை. இதுல உங்க நாலு பேருக்கும் எதுலேருந்து விடுதலை கிடைச்சுதுன்னு யாராவது ஒருத்தர் சொல்லுங்க. கேட்டுக்கிறேன்."

மோடம் மட்டும் விளக்குகளை மினுக்கிக்கொண்டிருந்தது. அண்ணி கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு உள்ளே போனார்.

அந்தக் கேள்வியை அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்க நான் பேனாவை எடுத்தேன். கணக்கு வாத்தியார் என் கையைப் பிடித்துத் தடுத்தார். அவர் சொன்னது விதிப்படி முற்றிலும் சரி. எங்கள் விதிமுறையின் முதல் வரியே, 'சுதந்திரம் எல்லா உறுப்பினர்களுக்கும் சமம்' என்பதுதான். அண்ணி உறுப்பினர் இல்லை.