பத்துக்கு ஒன்பது குறைவு

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் வானியலுக்கு நேரே ‘1’ என்று இருந்தது. மற்ற பாடங்களெல்லாம் கொழுத்துக் கிடந்தன: கணினி 112, நிர்வாகவியல் 84, பொருளாதாரம் 37. கீழே சிவப்பு மையில் ஒரு வரி. வெள்ளி மாலை நான்கு மணிக்குள் பத்துப் பேர் சேராத மைனர் பாடம் ரத்து.

“அந்த ஒண்ணு நான்தான்டி!” என்றாள் ஐடியா, என்னவோ பரிசுக்கோப்பை வாங்கியவள் மாதிரி.

வகுப்பு அவளுக்கு வைத்த பெயர் அது. எதற்கும் அவளிடம் ஓர் ஐடியா இருக்கும். அது சரிப்பட்டு வருமா என்ற சந்தேகம் மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை. மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. பொறியியலோடு துணைக்கு இன்னொரு பாடத்தை மைனராகப் படிக்கலாம் என்று கல்லூரி சொன்னதும், மற்றவர்கள் எது வேலைக்கு உதவும் என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டார்கள். அவளுக்கு அந்தத் தொல்லையே இல்லை. பெரிய தொலைநோக்கிகளைத் தாங்கித் திருப்பும் எந்திரம் செய்யவேண்டும் என்பது அவள் சின்ன வயது ஆசை. அது எதைப் பார்க்கத் திரும்புகிறது என்றே தெரியாமல் எப்படிச் செய்வது? ஞாயிற்றுக்கிழமையே கைபேசியில் விண்ணப்பத்தை நிரப்பி, பச்சை டிக் விழுந்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடப் போனாள்.

இதில் ஒரு சிக்கல். வானியல் பேராசிரியர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார். இப்போது விட்டால் விட்டதுதான்.

“இன்னும் ஒன்பது பேருக்கு எங்கடி போவ?” என்றாள் அறைத்தோழி. அவளுக்குத் தூங்குமூஞ்சி என்று பெயர்.

“ஒன்பது என்ன, தொண்ணூறு பேரைக் கொண்டுவரேன் பாரு.”

வாய் சும்மா இருக்கக்கூடாதா?

அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் எழுத்தர் அக்கா பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். பதிவேட்டுக்கு அடியிலிருந்து தடிமனான கணக்குப் பாடப்புத்தகம் ஒன்று எட்டிப் பார்த்தது. பிள்ளைக்கு வாங்கியிருப்பார் போலும் என்று ஐடியா நினைத்துக்கொண்டாள்.

“வானியல் நடக்காது போலிருக்கேம்மா,” என்றார் அக்கா, முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு.

“நீங்க ஏன்க்கா கவலைப்படறீங்க? நான் இருக்கேன்ல!”

ஐடியா பொய் சொல்லமாட்டாள். உண்மையில் தனக்கு வேண்டிய பக்கத்தை மட்டும் காட்டுவாள். அன்று மதியமே பட்டறையில் கடைசல் எந்திரங்களுக்கு நடுவே நின்று, “வானியலுக்குப் பரீட்சையே கிடையாதுப்பா!” என்றாள். ப்ராஜெக்ட் உண்டு என்பதை எந்திரச் சத்தம் விழுங்கிவிட்டது.

செவ்வாய்க்கிழமை பலகையில் அதே ‘1’.

“பத்தலை. இன்னும் ஏத்தணும்,” என்று கான்டீன் வரிசையில் நின்றவர்களிடம் போனாள். “பகல் கிளாஸே கிடையாது. மலை உச்சிக்குக் கூட்டிட்டுப் போவாங்க, ரெண்டு நாள்!”

புதன்கிழமை பலகையில் ‘51’. ஐடியா துள்ளிக் குதித்தாள். குதித்த கால் தரையைத் தொடுவதற்குள் பக்கத்தில் ஒட்டியிருந்த புதுக் காகிதம் கண்ணில் பட்டது. இடங்கள் இருபது. கூடினால் மதிப்பெண் வரிசைப்படி.

அவள் மதிப்பெண்ணுக்கு நாற்பதாவது இடம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

“போச்சா?” என்றாள் தூங்குமூஞ்சி.

“ஏத்தத் தெரிஞ்சவளுக்கு இறக்கத் தெரியாதா?”

மறுபடி பட்டறை, மறுபடி கான்டீன். “ஒரு நட்சத்திரத்துக்கு நாலு பக்கம் கணக்குடா, பாவம் நீங்க” என்று உச்சுக் கொட்டினாள்.

வியாழக்கிழமை பார்த்தால் ‘58’!

“நான் விரட்ட விரட்ட வந்து சேருறானுங்களே!” ஐடியாவுக்கு அழுகை முட்டியது. அன்று முழுக்க ஓடினாள். மொட்டை மாடிக் குளிர், விடியும்வரை கண்விழிப்பு, ஒன்றையும் சொல்லாமல் விடவில்லை. மாலையில் வந்து விழுந்தவளிடம் தூங்குமூஞ்சி ஒரு கண்ணை மட்டும் திறந்தாள்.

“துறைத்தலைவர் கையெழுத்தாகி எண்ணிக்கை போர்டுக்கு வர ரெண்டு நாள் ஆகுமாம். வெந்நீர் வரலைன்னு குழாயை முழுசாத் திருப்பிட்டு, அப்புறம் வெந்துபோய்க் கத்துவியே, அதே கதைதான்.”

“இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?”

“நீ எங்க நின்ன, நான் சொல்ல?”

வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்பதால் அக்கா கணினியைப் பார்த்து நேரடி எண்ணிக்கையையே ஒட்டினார். ‘6’.

இனிமேல் ஐடியாவிடம் காட்ட எந்தப் பக்கமும் மிச்சமில்லை. நேரே பட்டறைக்குப் போனாள். ஒரு மரப்பெட்டிமேல் ஏறி நின்றாள்.

“எல்லாரும் கேளுங்க. பரீட்சை இல்ல, ப்ராஜெக்ட் இருக்கு. கணக்கு இருக்கு, உக்காந்து போட்டா வரும். குளிரும் இருக்கு, ஸ்வெட்டரும் இருக்கு. எனக்கு இதைப் படிக்கணும். ரொம்ப நாளா ஆசை. இன்னும் நாலு பேர் வந்தாத்தான் நடக்கும்.”

கடைசல் எந்திரம் ஒன்று நின்றது. மூன்று பேர் கைபேசியை எடுத்தார்கள். நாலாவது ஆளாக, மூலையில் சாய்ந்திருந்த தூங்குமூஞ்சியே கொட்டாவி விட்டபடி கையைத் தூக்கினாள். “பகல்ல தூங்கலாம்ல?”

மாலை ஐடியா ஜன்னலில் தலையை நீட்டினாள். “எத்தனைக்கா?”

“பத்து!” அக்காவின் முகமெல்லாம் பல். “சரியாப் பத்து. சாதிச்சிட்டம்மா நீ! உன் ரோல் நம்பர் சொல்லு, முதல்ல உனக்கு ரசீது எடுத்துத் தரேன்.”

சொன்னாள். அக்காவின் விரல் பட்டியலில் ஒருமுறை இறங்கி, திரும்ப ஏறியது. பிறகு தட்டச்சுப் பலகையில் எதையோ தட்டினார்.

“உன் நம்பர் இதுல இல்லையே. ஞாயித்துக்கிழமை சேமிச்சு வச்சிருக்க, அனுப்பவே இல்ல.”

“பச்சை டிக் வந்துச்சேக்கா!”

“அது சேமிச்சதுக்கு.”

ஐடியா ஜன்னலுக்குள் இன்னும் எட்டிப் பார்த்தாள். “அப்போ திங்கக்கிழமை போர்டுல இருந்த அந்த ஒண்ணு யாரு?”

அக்கா பதிவேட்டுக்கு அடியிலிருந்த கணக்குப் புத்தகத்தை உருவித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

“நான்தான். நானும் இங்கதான் படிக்கறேன், சாயங்கால பேட்ச், ரெண்டாம் வருஷம். நாலு மணிக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு, சட்டுனு அனுப்பு. எனக்காக இவ்வளவு அலைஞ்ச பொண்ணு என் பக்கத்துல உக்கார வேணாமா?”