அக்கா சொன்ன கோதுமையும் நான் கொடுத்த தீர்ப்பும்

பாறசாலை,
ஏப்ரல் 21

பேரன்புள்ள அல்போன்சம்மா அக்காவுக்கு,

தம்பி நிக்கோலஸ் வணக்கத்தோடு எழுதுவது. அந்தோனியார் தயவில் இங்கே எல்லோரும் சுகம். அயர்லாந்தில் நீங்களும் அத்தானும் பிள்ளைகளும் குளிரில் விறைக்காமல் இருக்க வேண்டிக்கொள்கிறோம். ஃபோனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். ஃபோனில் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் நீங்கள் நர்ஸ் ஆகிவிடுகிறீர்கள். கடிதத்தில் யாரும் இடையில் புகுந்து பேச முடியாது.

விஷயம் என் மகள் ஜெஸ்மியின் வயிறு. எட்டு வயதாகியும் ஆறு வயதுப் பாவாடை அவளுக்கு அளவாக இருந்ததைப் பார்த்து, சென்ற லீவுக்கு வந்தபோது, “எலே, இவளுக்குக் கோதம்பு ஆகாது ஆக்கும், ரத்தம் டெஸ்ட் பண்ணு” என்று சொன்னது நீங்கள். நெய்யாற்றின்கரையில் ரத்தம் எடுத்தோம், திருவனந்தபுரத்தில் வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலில் துளி நுள்ளி எடுத்துப் பார்த்தார்கள், சீலியாக் என்றார்கள். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற பசைதான் அவள் குடலைக் கெடுக்கிறதாம். ஒரு தூள்கூட உள்ளே போகக் கூடாது, ஆறு மாதம் கழித்து மறுபடி ரத்தம் பார்க்கலாம் என்று டாக்டர் அனுப்பிவைத்தார். அன்றிலிருந்து என் வீட்டுக்காரி ஷைனா வீட்டைப் போலீஸ் ஸ்டேஷன் ஆக்கிவிட்டாள். பரோட்டா போச்சு, ரஸ்க் போச்சு, பெருங்காயத்திலும் மைதா கலப்பு உண்டென்று நீங்கள் ஓதியதால் சாம்பாரின் மணமும் போச்சு. கிறிஸ்துமஸுக்கு அரிசிமாவில் கேக் செய்தாள். அதை நறுக்க நான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து ஆக்ஸா பிளேடு கொண்டுவர வேண்டியிருந்தது.

முந்தாநாள் ரிப்போர்ட் வந்தது. ஆறு மாதம் முன்பு இருந்ததற்கும் இப்போதைக்கும் பெரிய வித்தியாசமில்லை. எடையும் அரைக் கிலோதான் கூடியிருக்கிறது. எங்கேயோ கோதுமை உள்ளே போகிறது, தேடுங்கள் என்கிறார் டாக்டர். என்னத்தை அக்கா தேட? பொழியூரில் இருபது வருடமாக மீன்பிடி வள்ளத்து இன்ஜினை அழிச்சுப் பிரித்து மாட்டுகிறவன் நான். மண்ணெண்ணெயை மாற்றிய பிறகும் அதே புகை வந்தால் குற்றம் மண்ணெண்ணெயில் இல்லை. இதற்கு நர்சிங் படிக்க வேண்டாம்.

ஆகவே தீர்மானித்துவிட்டேன். மே மாதம் முதல் ஞாயிறு ஜெஸ்மி கோயிலில் முதன்முதலாக நற்கருணை அப்பம் வாங்குகிறாள். அந்த அப்பம் கோதுமை என்பதால், அவளுக்கு மட்டும் கிண்ணத்திலிருந்து ஒரு துளி திராட்சை ரசம், அந்தப் பூசை ஒயின், கொடுக்கச் சொல்லி நீங்கள் பங்குச் சாமியாரான அச்சனிடம் பேசியதும், அவர் சம்மதித்ததும் எனக்குத் தெரியும். இருபத்திரண்டு பிள்ளைகள் வரிசையாகப் போய் அப்பம் வாங்கும்போது என் பிள்ளை மட்டும் ஓரமாக நிற்பதா? நாளை அவளுக்கு ஒரு கல்யாணம் பேசும்போது, ‘அந்தச் சீக்குக்காரியா’ என்று கேட்க மாட்டார்களா? எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை அக்கா. எல்லோரையும் போல அவளுக்கும் அப்பம்தான். நாளைக்கே அச்சனிடம் சொல்லிவிடுவேன். வெள்ளை உடுப்புக்குப் பாலராமபுரத்தில் துணி எடுத்தாச்சு.

அத்தானை விசாரித்ததாகச் சொல்லவும். உங்கள் பிள்ளை ஜெனிலின் பரீட்சைக்கு மாதா துணை நிற்பாள். உங்கள் சொல்லைத் தட்டியதற்கு மன்னிப்புக் கேட்க மாட்டேன். சரியானதைச் செய்கிறவன் எதற்குக் கேட்க வேண்டும்?

தங்கள் பிரியமுள்ள தம்பி,
நிக்கோலஸ்

பி.கு.: கவரை ஒட்டப்போன நேரத்தில் ஜெஸ்மி வேதபாட வகுப்பு முடிந்து வந்தாள். கையில் ஒரு காகிதப் பொதி. கன்னியர் மடத்தில் பூசைக்கான அப்பத்தை வட்ட வட்டமாக வெட்டியெடுத்த பிறகு மிஞ்சுகிற ஓரத்துண்டுகள். மற்ற பிள்ளைகள் பிஸ்கட் தின்னும்போது இவள் பார்த்துக்கொண்டே இருக்கிறாளே என்று சிஸ்டர் இரக்கப்பட்டு, வாரம் மூன்று நாள் கை நிறையக் கொடுத்திருக்கிறார். ஆறு மாதமாக. யாரைக் கேட்டுக் கொடுத்தார் என்று நான் துள்ளினேன்.

“சிஸ்டர் கேட்டப்ப நீங்கதானே அப்பா சொன்னிய, அது கோயில் சாதனம், பிள்ளைக்கு ஒண்ணும் செய்யாதுண்ணு.”

சொன்னேன் அக்கா. மடத்து வாசலில், ஸ்கூட்டரை அணைக்காமலே சொன்னேன். அவள் வயிறு வலித்து அழுத ராத்திரிகளை எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அச்சனைப் போய்ப் பார்த்துவிட்டேன். ஜெஸ்மிக்குக் கிண்ணம்தான். பிள்ளை தனியாக நிற்க வேண்டாமே, அன்றைக்கு நானும் அப்பம் வாங்காமல் கிண்ணத்திலிருந்தே வாங்கிக்கொள்கிறேன் என்றேன். அச்சன் என்னை நன்றாக அறிந்தவர். ஒரு துளிக்கு மேல் கேட்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்.